தேய்த்தால் போகாது: மங்கு, பருக் கருமை, கழுத்துக் கருப்புக்கு முறையான வழி

கழுத்தின் பின்புறம் கருத்தால் பீர்க்கை நாரை எடுக்கிறோம். கன்னம் கருத்தால் எலுமிச்சையை நறுக்குகிறோம். பருப் போன இடம் கருத்தால் மருந்துக் கடைக்குப் போய் "முகத்துக்குப் போடுற கிரீம் ஒண்ணு குடுங்க" என்கிறோம். மூன்றும் மூன்று வேறு காரணங்களால் வந்தவை. மூன்றிலும் நாம் எடுத்த வைத்தியம் கருமையைக் கூட்டக்கூடியது. தோல் கருமைக்கு மருந்து தேடுமுன் அது எந்தக் கருமை என்று தெரிந்துகொண்டால் பாதிச் செலவும் முக்கால்வாசிச் சேதமும் மிச்சம்.

நிறம் எங்கிருந்து வருகிறது

மேல்தோலின் அடி அடுக்கில் மெலனோசைட் என்ற நிறமிச் செல்கள் இருக்கின்றன. டைரோசினேஸ் என்ற நொதியைக் கொண்டு இவை மெலனினைத் தயாரித்து, சிறு பொட்டலங்களாகக் கட்டி, சுற்றியிருக்கும் தோல் செல்களுக்கு அனுப்புகின்றன. ஒரு மெலனோசைட் ஏறக்குறைய 36 செல்களுக்கு நிறம் வழங்கும். சிவந்த தோலிலும் கருத்த தோலிலும் இவற்றின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். பொட்டலத்தின் அளவு, எண்ணிக்கை, அது சிதையும் வேகம் ஆகியவற்றில்தான் வித்தியாசம்.

நம் ஊர்த் தோலின் மெலனோசைட்டுகள் சட்டென்று சீண்டப்படுபவை. வெயில், ஹார்மோன், உராய்வு, எரிச்சல், புண் என்று எது வந்தாலும் அவற்றின் பதில் ஒன்றே: இன்னும் கொஞ்சம் மெலனின். எரிச்சல் தரும் எந்த வைத்தியமும் நம்மிடம் எதிர்விளைவு தருவது இதனால்தான்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஆழம். நிறமி மேல்தோலில் மட்டும் இருந்தால் பழுப்பாகத் தெரியும், மருந்துக்குக் கேட்கும். அடித்தோலுக்குள் இறங்கிவிட்டால் சாம்பல் அல்லது நீலம் கலந்த கருப்பாகத் தெரியும். அது கரைய வருடக் கணக்காகும், சில சமயம் முழுதாகப் போகவும் போகாது. மேல்தோல் ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளவே நான்கு முதல் எட்டு வாரம் ஆகிறது. ஆகவே "ஏழு நாளில் பளிச்" என்று எழுதியிருக்கும் எதிலும், ஒன்று விளம்பரப் பொய் இருக்கும், அல்லது ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கும்.

முதல் வேலை: பகல் வெளிச்சத்தில் கண்ணாடி

ஜன்னலோரம் நின்று பாருங்கள். குளியலறை விளக்கு ஏமாற்றும்.

இரண்டு கன்னத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி, வரைபடத்தில் தீவு வரைந்தாற்போல் ஒழுங்கற்ற ஓரத்துடன் பழுப்புத் திட்டு, அதோடு நெற்றி, மேலுதடு, மூக்குத்தண்டு என்று பரவியிருந்தால் அது பெரும்பாலும் மங்கு. பெண்களுக்கே அதிகம். கர்ப்பத்தின்போதோ கருத்தடை மாத்திரை தொடங்கியபின்போ தலைகாட்டும். அரிப்போ வலியோ இருக்காது.

பரு, கொசுக்கடி, சூட்டுக்காயம், சிரங்கு ஆகியவை ஆறிய அதே இடத்தில், அதே வடிவத்தில் தங்கும் புள்ளி அழற்சிக்குப் பிந்திய கருமை. இதற்கு எப்போதும் ஒரு பழைய கதை இருக்கும். கேட்டால் "ஆமா, அங்க ஒரு பரு வந்துச்சு" என்பார்கள்.

பின்கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் தோல் கருத்து, தடித்து, தொட்டால் வெல்வெட் துணி போல் இருந்தால் அது பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பின், அதாவது உடல் இன்சுலினுக்குச் சரியாகப் பணியாத நிலையின், அடையாளம். கூடவே கழுத்தில் சிறு மருக்களும் தொங்கலாம். அக்குளிலோ தொடையிடுக்கிலோ தடிப்பில்லாமல், லேசான செதிலோடு செம்பழுப்புப் பட்டையாக இருந்தால் அது பாக்டீரியாத் தொற்றாகவும் இருக்கலாம். வுட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கை அடித்தால் பவளச் சிவப்பாக ஒளிரும்; பூசும் ஆன்டிபயாட்டிக்கில் சரியாகிவிடும். வருடக்கணக்கில் வெளுப்பு கிரீம் தடவிய பலருக்கு இது தெரியாது.

மேல்முதுகிலும் புஜத்தின் வெளிப்பக்கத்திலும் ஆற்று மணலில் காற்று போட்ட வரிகளைப் போல் பழுப்புக் கோடுகள் தெரிந்தால், நைலான் நார், பிளாஸ்டிக் பிரஷ், கரடுமுரடான துண்டு இவற்றின் கைவரிசையாக இருக்கலாம். நாரை நிறுத்துவதுதான் இதற்கு முதல் மருந்து. அது இல்லாமல் மற்றதெல்லாம் வீண்.

நெற்றிப் பொட்டு, காதோரம், கழுத்துப் பக்கம் என்று சாம்பல் நிறத்தில் பரவியிருந்தால் தலைச்சாயத்தைச் சந்தேகியுங்கள். அதிலுள்ள பாரா பினைலீன் டையமின் என்ற வேதிப்பொருள் ஒவ்வாமையை உண்டாக்கி, சிவந்து அரிக்காமலே கூட, நேரடியாகக் கருமையாக்கிவிடும். 'கருப்பு மருதாணி' என்று விற்கும் பொடிகளிலும் இது கலந்திருப்பதுண்டு. வாசனைத் திரவியம், சாயம் கலந்த குங்குமம் ஆகியவையும் இந்த வேலையைச் செய்யும். ஸ்டிக்கர் பொட்டின் பசை இதற்கு நேர் எதிராகச் சிலருக்கு வெள்ளைத் திட்டை உண்டாக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

சிக்குன்குனியா வந்து போன பிறகு மூக்கு மட்டும் கருத்துவிட்டதா? அது அந்தக் காய்ச்சலுக்கே உரிய அடையாளம். பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடும். சன்ஸ்கிரீன் போதும், மூக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கண்ணுக்குக் கீழ் கருவளையம் தனிக் கதை. பரம்பரை, குழிவிழுந்ததால் வரும் நிழல், ஒவ்வாமையில் கண்ணைத் தேய்ப்பது என்று பல காரணங்கள் சேர்ந்தே இருக்கும். கண் தேய்ப்பதை நிறுத்துவதைவிடப் பலன் தரும் கிரீம் அரிது.

கிரீமுக்கு முன் டாக்டர்

சில கருமைகள் உடம்புக்குள் நடப்பதைச் சொல்பவை. விரல் கணுக்கள் கருத்து, கை கால் மதமதப்பும் சோர்வும் இருந்தால் வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள், குறிப்பாகச் சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள். உள்ளங்கை ரேகை, ஈறு, பழைய தழும்பு ஆகியவை கருத்து, எடை குறைந்து, ரத்த அழுத்தம் தாழ்ந்து, உப்பின் மேல் ஆசை கூடினால் அட்ரீனல் சுரப்பி பழுதாகியிருக்கலாம். தள்ளிப்போடக் கூடாத விஷயம். ஒவ்வொரு முறை ஏதோ ஒரு மாத்திரை போட்டதும் உதட்டிலோ வேறு இடத்திலோ அதே வட்டம் சிவந்து, பின் கருத்து நின்றால் அது மருந்து ஒவ்வாமை. கோட்ரைமாக்சசோல், சில வலி மாத்திரைகள் இதற்குப் பேர்போனவை. அந்த மாத்திரையின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு எந்த மருத்துவரிடம் போனாலும் காட்டுங்கள்.

ஒரே ஒரு புள்ளி மட்டும் வளர்ந்தால், ஓரம் சிதைந்தால், நிறம் பலவாக மாறினால், ரத்தம் கசிந்தால், அல்லது உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாகக் கருப்புக் கோடு தோன்றினால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். கருத்த தோலில் மெலனோமா என்ற புற்றுநோய் அரிதுதான். வந்தால் அதிகம் தேர்ந்தெடுப்பது உள்ளங்காலையும் உள்ளங்கையையும் நகத்தையும்தான்.

வெளிச்சத்தை மறிப்பது

மங்குக்கு மருந்து எழுதும் எந்த மருத்துவரும் முதல் வரியில் சன்ஸ்கிரீனைத்தான் எழுதுவார். பலர் அந்த வரியை விட்டுவிட்டு இரண்டாவது வரியிலிருந்து வாங்குகிறார்கள். பிறகு மருந்து வேலை செய்யவில்லை என்கிறார்கள். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைத் துடைப்பது போலத்தான் அது.

புற ஊதாக் கதிர் மட்டும் காரணம் என்றால் வேலை எளிது. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே ஊதா, நீலப் பகுதி, மாநிறத் தோலையும் கருத்த தோலையும் கருமையாக்கும். சாதாரண வெள்ளை சன்ஸ்கிரீன் இதைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்து, தோல் நிறத்தில் வரும் சாயமிட்ட சன்ஸ்கிரீன்தான் தடுக்கும். பொருட்பட்டியலில் 'அயர்ன் ஆக்சைட்ஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். மங்கு உள்ளவர் ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு செலவழிக்க முடியும் என்றால், சீரத்தை விட்டுவிட்டு இதை வாங்கலாம். முகத்தில் வெள்ளை பூசினாற்போல் தெரியாது என்பது உபரி லாபம்.

எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், 50 என்றால் நல்லது, புற ஊதா ஏ கதிரைத் தடுக்கும் அளவைச் சொல்லும் பி.ஏ. குறியில் மூன்று கூட்டல் குறியாவது இருக்க வேண்டும். அளவு: ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடு பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரி. ஆய்வகத்தில் எஸ்.பி.எஃப். எண்ணைக் கணக்கிடுவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான்; பாதி பூசினால் பாட்டிலில் எழுதிய எண் கிடைக்காது. இந்த அளவில் காலையும் மதியமும் பூசினால் 50 கிராம் குழாய் மூன்று வாரம், கூடிப்போனால் ஒரு மாதம் வரும். உங்களுடையது மூன்று மாதம் வந்தால் நீங்கள் பூசுவது மணத்துக்கு மட்டும்.

வெளியே கிளம்ப 15 நிமிடம் முன் பூசுங்கள். வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்த்துத் துடைத்தால் உடனே மறுபடி. வீட்டுக்குள்தான் இருக்கிறேன் என்றால்? ஜன்னல் கண்ணாடி புற ஊதா பி கதிரைப் பெரும்பாலும் மறிக்கும். புற ஊதா ஏ கதிரையும் காணும் ஒளியையும் விட்டுவிடும். ஜன்னலோர மேசை, பேருந்தின் வெயில்பக்க இருக்கை, காரின் வலது ஜன்னல் எல்லாம் கணக்கில் சேரும். அடுப்பின் அனலும் மங்குக்கு ஆகாது. அடுப்பங்கரையை விட்டு ஓட முடியாது. அடுப்புக்கு நேராக முகத்தைக் கொடுக்காமல் நிற்கவும், புகைபோக்கி விசிறியை ஓடவிடவும் முடியும்.

காலை பத்திலிருந்து மாலை மூன்று வரை குடை, அகல விளிம்புத் தொப்பி. ஸ்கூட்டர் ஓட்டும்போது முகத்தைச் சுற்றும் மெல்லிய துப்பட்டா ஒளியை ஓரளவுதான் மறிக்கும். அதைக் கட்டிவிட்டு சன்ஸ்கிரீனை விட்டுவிட வேண்டாம். வியர்வையோடு உரசுவதும் தனிப் பிரச்சினை.

மங்குக்கு மருந்து

மங்கு முழுதாக விடைபெறும் நோய் அல்ல. அடக்கி வைக்கலாம். இதை ஏற்றுக்கொண்டு தொடங்கினால் அளவுக்கு மீறிய மருந்தை நாட மாட்டீர்கள்.

கர்ப்பிணிகளிலிருந்து தொடங்குவோம், அங்கே தேர்வு குறைவு. சன்ஸ்கிரீன், அசெலாயிக் அமிலம், வைட்டமின் சி, இவ்வளவுதான். இவற்றையும் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வைட்டமின் ஏ வகைப் பூச்சு மருந்தான ட்ரெட்டினாயின், கீழே வரும் ஹைட்ரோகுயினோன், ட்ரானெக்சாமிக் மாத்திரை வேண்டாம். குழந்தை பிறந்து சில மாதங்களில் மங்கு தானாகக் குறைவதுண்டு, அதனால் அவசரம் தேவையில்லை. கருத்தடை மாத்திரையால் வந்தது என்று தோன்றினால் நீங்களாக நிறுத்தாமல், ஹார்மோன் இல்லாத வேறு முறைக்கு மாறலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

மற்றவர்கள் மென்மையானதிலிருந்து தொடங்குவது நல்லது. அசெலாயிக் அமிலம் 10 முதல் 20 சதவீதம் வரை கிடைக்கிறது. முதல் வாரம் இரவில் மட்டும். பழகியபின் காலையும் இரவும். முதல் இரண்டு மூன்று வாரம் எறும்பு ஊர்வது போல் குறுகுறுக்கும், பத்திருபது நிமிடத்தில் அடங்கும். எரிந்து சிவந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசுங்கள். நயாசினமைடு 4 அல்லது 5 சதவீதம் போதும். 10 சதவீதம் என்று பெருமையாக எழுதியிருப்பது இரட்டிப்புப் பலன் தராது, சிலருக்கு எரிச்சலைத்தான் தரும். வைட்டமின் சி சீரம் 10 முதல் 20 சதவீதம், காலையில், சன்ஸ்கிரீனுக்கு அடியில். சீரம் வெல்லப்பாகு நிறத்துக்கு மாறிவிட்டால் அது ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள்.

இவற்றை ஒரே நாளில் தொடங்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. நான்கு புட்டி வாங்கி நான்கையும் பூசி முகம் எரிந்தால் குற்றவாளி யாரென்று கண்டுபிடிக்க முடியாது. ஒன்றைத் தொடங்கி இரண்டு வாரம் கழித்து அடுத்தது. ஒவ்வொன்றையும் முகத்துக்குக் கொண்டுபோகுமுன் மூன்று இரவு காதுக்குப் பின்னால் பூசிப் பாருங்கள்.

ஹைட்ரோகுயினோன் வலுவான மருந்து, மருத்துவர் சீட்டோடு மட்டும். 2 முதல் 4 சதவீதம். இரவில், கருத்த இடத்தில் மட்டும், பஞ்சுக் குச்சியால் ஒற்றி. முகம் முழுக்கப் பூசினால் திட்டைச் சுற்றி வெளிறிய வளையம் விழும். பலன் ஐந்தாறு வாரத்தில் தெரியத் தொடங்கும். 12 வாரம் ஆனதும் மருத்துவரைப் பார்த்துத்தான் தொடரலாமா என்று முடிவு. மூன்று மாதத்தில் ஒன்றும் மாறவில்லை என்றால் இன்னும் மூன்று மாதம் பூசினால் மாறும் என்று அர்த்தமில்லை. வருடக்கணக்கில் பூசுபவர்களுக்கு ஆக்ரோனோசிஸ் என்ற நிலை வரலாம்: கன்ன எலும்பின் மேல் கசகசா தூவினாற்போல் நீலக்கருப்புப் புள்ளிகள். கருமையைப் போக்கப் போய் வந்த இந்தக் கருமையைப் போக்குவது மிகக் கடினம். ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனக் கிரீம்களில் தோல் வெளுப்புக்காக இதைச் சேர்ப்பதை 2001லேயே தடை செய்துவிட்டது. குழாயிலுள்ள கிரீம் பழுப்பாகிவிட்டால் பயன்படுத்தாதீர்கள். பருவுக்கான பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துப் பூசினால் தோலில் தற்காலிகக் கறை விழும்.

ட்ரானெக்சாமிக் அமிலம் ரத்தப்போக்கை நிறுத்தும் மாத்திரை. மங்குக்கு அதைவிடக் குறைந்த அளவில், பெரும்பாலும் 250 மில்லிகிராம் நாளைக்கு இரண்டு வேளை, சில மாதங்களுக்குத் தருவார்கள். நன்றாகவே கேட்கிறது. ஆனால் ரத்தம் உறையும் தன்மையைத் தொடும் மருந்து. காலில் ரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள், புகைப்பவர்கள், குடும்பத்தில் ரத்தக்கட்டி வரலாறு உள்ளவர்கள் அதைச் சொல்லாமல் இந்த மாத்திரையை வாங்கக் கூடாது. தோழிக்கு எழுதிய சீட்டைக் காட்டி வாங்குவது இங்கே விளையாட்டல்ல.

மூன்று மருந்துக் கலவையும் மருந்துக் கடையும்

ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் கலந்து மங்குக்குத் தருவது 1975இல் ஆல்பர்ட் கிளிக்மனும் ஐசக் வில்லிஸும் வெளியிட்ட முறை. அளவோடு, எட்டு வாரத்துக்குள், மருத்துவர் பார்வையில் என்றால் இன்றும் நல்ல மருந்துதான். நம் ஊரில் அது அழகு கிரீமாகிவிட்டது. இந்தியாவில் விற்கும் கலவைகள் பலவற்றில் இருக்கும் மோமெட்டசோன் முகத்துக்கு வீரியமான ஸ்டீராய்டு. பூசிய பத்து நாளில் முகம் தெளிந்து பளபளக்கும். பார்த்தவர்கள் கேட்பார்கள், குழாயின் பெயர் தெரு முழுக்கப் பரவும்.

சில மாதம் கழித்துத்தான் கணக்குத் தீர்க்க வேண்டிவரும். தோல் மெலிந்து ரத்தக்குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரியும். பரு கொப்பளிக்கும். பெண்களுக்குக் கன்னத்தில் மயிர் வளரும். வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் முகம் சிவந்து வீங்கும், மறுபடி பூசினால் அடங்கும், இப்படியே அடிமையாகிவிடும். படர்தாமரைக்கு வாங்கும் கலவை கிரீம்களிலும் இதே கூத்து.

குழாயை வாங்குமுன் பொருட்பெயரைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன், பெக்லோமெத்தசோன், ஃப்ளூசினோலோன் இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து. இப்படிப்பட்ட பல ஸ்டீராய்டு கிரீம்களை 2018இல் மத்திய அரசு, சீட்டோடு மட்டும் விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. கடையில் கேட்டால் கிடைப்பது வேறு விஷயம்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருக்கிறீர்களா? வெட்கப்படாமல் குழாயை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். வீரியம் குறைந்த ஒன்றுக்கு மாற்றியோ, இடைவெளி கூட்டியோ படிப்படியாக இறக்குவார். சில வாரம் சிவப்பும் எரிச்சலும் இருக்கும். அப்போது மணமில்லாத ஈரப்பத கிரீமும் சன்ஸ்கிரீனும் தவிர வேறெதுவும் முகத்துக்குப் போகக் கூடாது.

பாதரசம் இதைவிடக் கொடியது. தயாரிப்பாளர் முகவரியோ பொருட்பட்டியலோ இல்லாமல், இணையத்திலோ அழகு நிலையத்திலோ விற்கும் வெளுப்பு கிரீம்களில் அது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. 2023 வாக்கில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிக் கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக வடிகட்டி பாதித்து, சிறுநீரில் புரதம் கொட்டியது மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டது. காலையில் கண்ணிமை வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், கிரீமை நிறுத்திவிட்டு சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போங்கள்.

பருப் போன இடத்துக் கருமை

பரு வந்துகொண்டே இருக்கும்போது புள்ளிக்கு மருந்து பூசுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் இறைப்பது. முதலில் பருவை நிறுத்த வேண்டும். அடாபலீன் 0.1 சதவீத ஜெல் இரண்டு வேலையும் செய்யும்: பருவைத் தடுக்கும், செல் புதுப்பிப்பைத் தூண்டி நிறமியைக் கழிக்கும்.

பூசும் முறையில்தான் வெற்றி தோல்வி. இரவில் முகம் கழுவி, நன்றாகக் காயவிட்டு, இருபது நிமிடம் கழித்து முகம் முழுவதற்கும் ஒரே ஒரு பச்சைப் பட்டாணி அளவு. கண், மூக்கோரம், வாயோரம் தவிர்த்துவிடுங்கள். மேலே ஈரப்பத கிரீம். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு இரவு, அடுத்த இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு இரவு, பிறகு தாங்கினால் தினமும். இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம்வரை தோல் உரியும், காய்ந்துபோகும். பரு கொஞ்சம் கூடவும் செய்யலாம். லேசான உரிதல் பரவாயில்லை. எரிச்சலோடு சிவந்தால் இரண்டு நாள் நிறுத்துங்கள். "உரிந்தால்தான் வேலை செய்கிறது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால், அந்த எரிச்சலே புதுக் கருமையைப் போட்டுவிட்டுப் போகும். கர்ப்பம் தரித்தவர்களும் திட்டமிடுபவர்களும் இதைத் தொடக் கூடாது.

இதோடு காலையில் அசெலாயிக் அமிலமும் சன்ஸ்கிரீனும் போதும். பருவைக் கிள்ளாமல் இருந்தால், மேலோட்டமான புள்ளி ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் மருந்தே இல்லாமலும் மங்கக்கூடியது. மருந்து அதைச் சுருக்கிக் கொடுக்கிறது.

கழுத்துக் கருப்பு அழுக்கு அல்ல

"கழுத்தைத் தேய்ச்சுக் குளிக்க மாட்டியா?" என்று குழந்தைகளைத் திட்டுவது நம் வீடுகளில் சாதாரணம். தேய்க்கத் தேய்க்கத் தடிக்கும் கருமை அது. ரத்தத்தில் மிகும் இன்சுலின் தோல் செல்களைப் பெருகச் செய்வதால் வருகிறது. செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனை: வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி. எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் என்றால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறீர்கள், 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் உள்ளே வந்துவிட்டீர்கள். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது, தாடையில் மயிர், பரு இவையும் இருந்தால் சினைப்பை நீர்க்கட்டியையும் பார்க்க வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80ஐயும் தாண்டக் கூடாது.

எடை குறையக் குறைய கழுத்தும் தெளியும். கிரீம் உதவிக்கு மட்டும்: 10 முதல் 20 சதவீத யூரியா, அல்லது 12 சதவீத லாக்டிக் அமிலம், இரவில் மெல்லியதாக. தடிப்பு குறைந்தாலே பாதிக் கருமை குறைந்தாற்போல் தெரியும். கழுத்தை உரசும் சங்கிலியையும் கரடான காலரையும் சில மாதம் ஒதுக்கி வையுங்கள். நடுத்தர வயதுக்குப் பிறகு, எடை குறைந்துகொண்டே வரும் ஒருவருக்கு இந்தக் கருமை திடீரென்று வேகமாகப் பரவி, உள்ளங்கையும் தடித்தால் கதை வேறு. வயிற்றுப் புற்றுநோய் உள்ளிட்ட காரணங்களை உடனே பார்க்க வேண்டும்.

அடுப்பங்கரை வைத்தியம்

எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மை பி.எச். 2 அளவில், தோலுடையது 5ஐ ஒட்டி. சாறு எரிச்சலூட்டுவது ஒருபக்கம். எலுமிச்சை வகைப் பழங்களிலுள்ள ஃபியூரோகூமரின் வெயிலோடு சேர்ந்தால் தோலை வெந்துபோகச் செய்து, வழிந்த கோட்டின் வடிவத்திலேயே கருமையை விட்டுச் செல்லும். சமையல் சோடாவும் பற்பசையும் காரத்தன்மை கொண்டவை, அவையும் எரிச்சல்தான். சர்க்கரை, காபித்தூள், வால்நட் ஓடு வைத்துத் தேய்ப்பது நைலான் நாரின் ஒன்றுவிட்ட தம்பி.

தயிர், கற்றாழை, கடலை மாவு ஆகியவை பெரும்பாலோருக்குத் தீங்கு செய்யாது, மங்கு மறையவும் செய்யாது. மஞ்சள் பூசிய முகம் மஞ்சளாகத் தெரிவதில் கருமை கொஞ்சம் ஒளிந்துகொள்ளும். பிடித்திருந்தால் பூசுங்கள், மருந்துக்குப் பதிலாக வேண்டாம்.

பீல், லேசர்

கிளைக்காலிக் அமிலம் 20 முதல் 35 சதவீதம்வரை கொண்டு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தோலின் மேலடுக்கை உரிக்கும் மேலோட்டமான பீல், கைதேர்ந்த தோல் மருத்துவரிடம், மருந்துக்குத் துணையாகப் பலன் தரும். பீலுக்குச் சில நாள் முன்பே ட்ரெட்டினாயினை நிறுத்தச் சொல்வார்கள். மறந்து பூசிவிட்டுப் போனால் அமிலம் நினைத்ததைவிட ஆழமாக இறங்கும். இணையத்தில் 30 சதவீத அமிலத்தைச் சிவப்புத் திரவமாக விற்கிறார்கள். வீட்டில் ஒரு நிமிடம் கூடிப்போனால் வெந்த தடம் வருடக்கணக்கில் நிற்கும்.

லேசரை மங்குக்குக் கடைசியில் வையுங்கள். முதல் சில அமர்வுகளில் வெளிறி, பின்பு முன்னைவிடக் கருப்பாகத் திரும்புவது அடிக்கடி நடக்கிறது. எரிமத்தாப்புப் பொறி தெறித்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள் விழுவதும் உண்டு, அவை போக மறுக்கும். முதல் நாளே ஆறு அமர்வுக்கு மொத்தக் கட்டணம் கேட்கும் இடத்தில், சிகிச்சை செய்யப்போவது யார், தோல் மருத்துவரா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். குளூட்டாதையோன் ஊசியைப் பொறுத்தவரை, தோல் வெளுப்புக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எந்த ஊசியையும் அனுமதித்ததில்லை என்பதே போதும்.

பலனை அளப்பதும், பிறகும்

தினமும் கண்ணாடி பார்த்தால் மாற்றம் தெரியாது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதே ஜன்னல், அதே நேரம், அதே தூரம், அலங்காரமில்லாத முகம் என்று ஒரு படம். கைப்பேசியின் அழகூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். 12 வாரத்துப் படத்தை முதல் படத்தோடு வைத்துப் பார்த்துத்தான் மருந்தை மாற்றுவதா தொடர்வதா என்று பேச வேண்டும். முதலில் ஓரங்கள் மங்கும், அடுத்து திட்டின் நடுவே தோல் நிறத் தீவுகள் தோன்றும். மொத்தமாக ஒரே சீராக வெளுத்தால் அது மெலிந்த தோலாக இருக்கலாம். குழாயின் பெயரை இன்னொரு முறை படியுங்கள்.

தெளிந்த பிறகு வலுவான மருந்தை நிறுத்தி, அசெலாயிக் அமிலத்தை மட்டும் வாரத்துக்கு மூன்று நான்கு இரவு வைத்துக்கொள்ளலாம். சன்ஸ்கிரீன் நிற்காது. மங்கு திரும்புவது பெரும்பாலும் பங்குனி கடைசியில் தொடங்கி வைகாசிக்குள்: கோடை விடுமுறை, கோயில் கொடை, வெட்டவெளியில் கல்யாணப் பந்தல். பிப்ரவரியிலேயே இரண்டு குழாய் வாங்கி, ஒன்றை வீட்டிலும் ஒன்றைக் கைப்பையிலும் வைத்துவிடுங்கள். கைப்பையிலுள்ளது வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்து வெந்துபோகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். உருகிப் பிரிந்த சன்ஸ்கிரீன் பூசியும் பயனில்லை.